ஆயில் மூடிக்கு அடியில்

எந்த வண்டி பட்டறைக்குள் வந்தாலும், வந்தவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் வண்டியின் வாயைத் திறந்துவிடுவார் அவர். பானெட்டைத் தூக்குவார். எஞ்சின் தலையில் இருக்கிற ஆயில் மூடியைத் திருகி எடுப்பார். அதைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்ப்பார், மோந்து பார்ப்பார், விரலால் ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பார். பிறகு சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா வைக்கும் இடத்தில் செருகியிருக்கும் சின்ன டார்ச்சை எடுத்து, அந்த ஓட்டைக்குள் அடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு எட்டிப் பார்ப்பார். இவ்வளவும் ஆன பிறகுதான் "வாங்க, உக்காருங்க" என்பார். அதனால் அவருக்கு டார்ச் என்றே பெயர் நிலைத்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் எங்கோ பத்திரமாக இருந்தது. யாரும் அதை எடுத்துப் புழங்கவில்லை.

உள்ளே தேன் நிறத்தில் பளபளவென்று இருந்தால் வண்டிக்காரர் ஒழுங்கானவர். தாரை வழித்து அப்பினாற்போல் கறுத்துக் கிடந்தால் ஆயில் மாற்றச் சோம்பல்பட்டவர். இந்த இரண்டையும் டார்ச் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார். மூடிக்கு அடியில் வெண்ணெய் திரண்டதுபோல் மஞ்சளும் வெள்ளையுமாக ஏதாவது ஒட்டியிருந்தால்தான் அவருக்கு மூக்கு நுனியில் கோபம் வரும். ஒன்று, தண்ணீர் எங்கோ கசிந்து ஆயிலில் கலக்கிறது. இல்லையென்றால், வண்டியைச் சூடாகவே விடாமல் போட்டுப் போட்டு அணைக்கிறார்கள்.

"தெருமுனைக்குப் போய்ப் பால் வாங்கறதுக்கு வண்டி எடுக்கறீங்களா?" என்று கேட்பார்.

"இல்லையே."

"அப்ப தயிர் வாங்கப் போறீங்களா?"

வண்டிக்காரர் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்ப்பார். டார்ச் விட மாட்டார். "சார், சூடாகாத எஞ்சினுக்கு உள்ள வேர்க்கும். அந்த வேர்வை காயணும்னா தூரமா ஓட்டணும். ஓட்டாம அணைச்சு அணைச்சு வெச்சா அது ஆயிலோட சேந்து இப்படித் திரளும். அப்புறம் துரு பிடிக்கும். அப்புறம் என்கிட்டதான் வருவீங்க, அழுதுட்டு" என்பார். ஊரில் பாதிப் பேருக்கு இந்தப் பாடம் மனப்பாடம்.

அதற்காக டார்ச்சைப் பெரிய ஞானி என்று நினைத்துவிட வேண்டாம். சாப்பாட்டில் உப்பு கூடினால் ஒன்றும் சொல்லாமல் தட்டைத் தள்ளிவைக்கிற சாதாரண ஆள்தான். கோபம் வந்தால் சட்டென்று வாயை விடுவார், பிறகு சமாதானம் சொல்லத் தெரியாமல் டார்ச்சுக்கு பேட்டரி மாற்றிக்கொண்டிருப்பார். வீட்டில் பருப்பு டப்பாவைத் திறந்தால்கூட மோந்து பார்ப்பார். அவர் மனைவி கல்யாணமான புதிதில் அதைப் பார்த்து பயந்தாள், பிறகு சிரித்தாள், பிறகு பழகிவிட்டாள்.

பட்டறையில் அவருக்குக் கூட்டாளி ஒருவர் உண்டு. நசுங்கிய தகரத்தைத் தட்டி நிமிர்த்துகிறவர், ஆகவே அவர் டிங்கர். வாழ்நாள் முழுக்கச் சுத்தியல் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, ரகசியம் சொன்னாலும் எதிர்க் கடைக்குக் கேட்கும். இரண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழே வேலை செய்தார்கள், ஒரே பாத்திரத்தில் டீ குடித்தார்கள், நாள் தவறாமல் சண்டை போட்டார்கள்.

டார்ச்சுக்கு ஒரே மகள். அவளைப் பாப்பா என்பார்கள். அவள் பிசியோதெரபி படித்தவள். பக்கவாதம் வந்து படுத்தவர்கள், முட்டி ஆபரேஷன் செய்துகொண்டு கட்டிலோடு கிடப்பவர்கள் என்று வீடு வீடாகப் போய்க் கை காலைப் பிடித்து நடக்கவைப்பது அவள் வேலை. கல்யாணமாகி ஒரு பெண் குழந்தைக்குத் தாயான பிறகும் பெற்றவர்களுக்கு அவள் பாப்பாதான். அந்தக் குழந்தை குட்டி. பஸ்ஸில் அலைந்து அவள் கால் வீங்குவதைப் பார்த்துவிட்டு, டார்ச் சல்லடை போட்டுத் தேடி ஒரு பழைய கார் வாங்கிக் கொடுத்தார். கொடுப்பதற்கு முன்னால் எஞ்சினின் மேல்பக்கத்தை மூடியிருக்கிற டேப்பட் கவரைக் கழற்றி, அடியில் ஆயில் சேம்பரையும் இறக்கி, பழைய சொந்தக்காரர் வருஷக்கணக்கில் சேர்த்துவைத்திருந்த கறுப்பையெல்லாம் வழித்து எடுத்தார். இரும்பால் சுரண்டினால் கீறிவிடும் என்று மூங்கில் குச்சியைச் சீவி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எஞ்சின் சுத்தம் பண்றியா, பல்லுக் குத்தி விடறியா?" என்று டிங்கர் கேட்டார்.

"என் பொண்ணு ஓட்டற வண்டி. நீ உன் வேலையைப் பாரு."

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் பாப்பா அப்பா வீட்டுக்கு வருவாள். அவள் இறங்குவதற்குள் டார்ச் பானெட்டைத் தூக்கியிருப்பார். "அப்பா, எப்படிம்மா இருக்கேன்னு ஒரு நாளாவது என்னைக் கேட்டிருக்கீங்களா? வந்ததும் வண்டியோட வாயைத்தான் பாக்கறீங்க" என்பாள் அவள். "வண்டி நல்லா இருந்தா நீ நல்லா இருக்கேன்னு அர்த்தம்" என்பார் இவர், தலையை நிமிர்த்தாமலே.

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தபோது லேசாகக் காய்ச்சல் அடித்தது. டார்ச் மூடியைத் திறந்து பார்த்தார். எஞ்சின் தங்கமாக இருந்தது. அம்மா நெற்றியில் கை வைத்துப் பார்த்து, ரெண்டு நாள் வேலைக்குப் போகாதே என்றாள். சரிம்மா என்றாள் பாப்பா, மறுநாளே வேலைக்குப் போனாள். வாரத்தின் நடுவில் காய்ச்சல் ஏறியபோது தானே ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். கோடு போட்ட இடத்தில் வண்டியை நேராக நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றி, பூட்டிவிட்டு உள்ளே போனவள் திரும்பி வரவில்லை. ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது என்றார்கள். இதற்கு மேல் அதைச் சொல்வதில் ஒன்றும் இல்லை.

காரியங்கள் எல்லாம் முடிந்து கொஞ்ச நாளில் மாப்பிள்ளை வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"மாமா, இது உங்ககிட்டயே இருக்கட்டும். எங்க வாசல்ல நின்னா, அம்மா வந்துட்டாங்கன்னு குட்டி ஓடிப்போய்க் கதவைத் தட்டறா. என்னால பாக்க முடியல."

டார்ச் சாவியை வாங்கிக்கொண்டார். வீட்டுக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை இருந்தது. அதில் வண்டி நின்றது. ஞாயிறு தோறும் காலையில் அவர் அதை ஸ்டார்ட் செய்வார். எஞ்சின் சூடேறி ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்றுகிற வரை பக்கத்திலேயே நிற்பார், பிறகு அணைப்பார். ஆனால் ஒரு தடவைகூட அதைத் தெருவுக்கு எடுக்கவில்லை, ஆயில் மூடியைத் திறந்து பார்க்கவும் இல்லை. பேட்டரி இறங்கிவிடக் கூடாது, அதற்காகத்தான் போடுகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "அப்ப பேட்டரி ஒயரைக் கழட்டி வெச்சுட்டுப் போயேன்" என்றார் டிங்கர். நின்ற இடத்தில் ஓடுவது ஓட்டமே இல்லை என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவர்தான் டார்ச். தன் வீட்டுக் கொட்டகைக்குள் அந்த உபதேசம் நுழையவில்லை.

மழை போய், குளிர் போய், வெயிலும் ஏறிய பிறகு ஒரு நாள் மாப்பிள்ளை வந்தார். அவருக்கு வேலையில் மாற்றல் வந்திருந்தது. அரை நாள் பயணத்தில் இருக்கிற வேறு ஊர். அங்கே அவருடைய அம்மா இருக்கிறார், குட்டியைப் பார்த்துக்கொள்வார். சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் அவர் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குட்டியை உங்ககிட்டேருந்து பிரிச்சுட்டுப் போறதா நினைச்சுக்காதீங்க மாமா. ஆனா பஸ்ஸுல அவளுக்கு ஒத்துக்க மாட்டேங்குது. புகையும் தூசியும் பட்டா மூச்சு இழுக்குது, உங்களுக்கே தெரியும். அந்த வண்டி இருந்தா மாசத்துக்கு ரெண்டு தடவையாவது கூட்டிட்டு வந்துடுவேன். வண்டி இல்லன்னா..."

அவர் முடிக்கவில்லை. முடிக்க வேண்டியதும் இல்லை. வண்டி இல்லையென்றால் குட்டி போனில் தெரிகிற முகம் மட்டும்தான் என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் புரிந்தது. இன்னொரு புதுக் கார் வாங்குகிற நிலையில் யாரும் இல்லை.

"வண்டிக்கு என்ன மாப்பிள்ளை, கல்லு மாதிரி இருக்கு" என்றார் டார்ச். "ஒரு சர்வீஸ் பண்ணி, அடுத்த ஞாயித்துக்கிழமை சாவியைக் கையில குடுத்துடறேன். எடுத்துக்கிட்டுப் போங்க."

சமையலறை வாசலில் நின்றிருந்த அவர் மனைவி உள்ளே போய்விட்டாள். குழாயில் தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் வண்டியைக் கொண்டுவர டிங்கரை அனுப்பினார். பட்டறைக்குள் அது நுழைந்ததும் எப்போதும்போல் பானெட்டைத் தூக்கி மூடியைத் திருகினார். கவிழ்த்தார். மூடிக்கு அடியில் கெட்டியாக மஞ்சள் வெண்ணெய் அப்பியிருந்தது.

அவர் அதைப் பனியன் வேஸ்ட் துணியால் துடைத்தார். துடைத்துவிட்டால் இல்லை என்று ஆகிவிடுமா என்ன. ஓட்டைக்குள் டார்ச் அடித்தார். உள்ளேயும் அதே மஞ்சள். தண்ணீர்தான் கலக்கிறது, தண்ணீரையும் ஆயிலையும் சேரவிடாமல் தடுக்கிற ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று முதலில் நினைத்தார். ரேடியேட்டரைத் திறந்து பார்த்தார். தண்ணீர் ஒரு சொட்டு குறையவில்லை. பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தார், அழுத்தம் சோதித்துப் பார்த்தார். கேஸ்கெட் நன்றாகவே இருந்தது. டேப்பட் கவரைத் தூக்கினார். தான் மூங்கில் குச்சியால் ஒவ்வொரு மூலையாகச் சுத்தம் செய்து தேன் நிறத்தில் வைத்திருந்த இடமெல்லாம் கொழகொழவென்று கிடந்தது. நடுவே ஓடுகிற கேம் ஷாஃப்டில் அங்கங்கே பழுப்பாகத் துருப் புள்ளி.

டிங்கர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வந்து பார்த்தார். "இதுக்கு நீதானேய்யா ஊரு பூரா வியாக்கியானம் சொல்லுவே. போட்டுப் போட்டு அணைக்கறாங்க. வேற என்ன."

"யாரு அணைக்கறா? ஞாயித்துக்கிழமை மட்டும்தான் போடறேன். ஃபேன் சுத்தற வரைக்கும் விடறேன். அதுக்கு இவ்வளவு வராது. கொஞ்சம் வரும், ஒத்துக்கறேன். இவ்வளவு வராது."

"அப்ப மத்த நாள்ல பேய் வந்து போடுதா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று டிங்கருக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, தன் தகரத்திடம் போய்விட்டார். டார்ச் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சாவி வீட்டில் ஆணியில்தான் தொங்குகிறது. வீட்டில் இருப்பது இரண்டே பேர். அவர் கையைக் கழுவாமலே வீட்டுக்குக் கிளம்பினார்.

மதிய வேளையில் அவர் வீட்டுக்கு வருவது வழக்கமில்லை. மனைவி கொட்டகையில் வண்டி நின்ற இடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். பெருக்குவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

"வண்டியை நீ போடறியா?"

அவள் விளக்குமாற்றை நிறுத்தவில்லை. "ஆமாங்க."

"எப்போ?"

"நீங்க பட்டறைக்குப் போனதும்."

"தினமுமா?"

"தினமும்தான்."

"உனக்கு ஓட்டத் தெரியாதே."

"ஓட்டலையே. சாவியைத் திருப்பறதுக்கு எதுக்கு ஓட்டத் தெரியணும்? பாப்பாதான் சொல்லிக்குடுத்தா. என்னைக் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருந்தா. அம்மா, நான் மருந்து வாங்கிட்டு வரேன், வெயில்ல வேகாதே, இதைத் திருப்பி ஏசியைப் போட்டுட்டு உக்காருன்னா."

"எதுக்கு? எதுக்கு தினமும் போட்டே?"

அவள் இப்போது நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "ஏசியைப் போட்டா வாசனை வருதுங்க. அவ கை வாசனை. நோயாளிங்களுக்குத் தேச்சு விடுவாளே, அந்தத் தைலம். சோப்புப் போட்டாலும் போகாதும்மான்னு சொல்லுவா. அது உள்ள எங்கயோ தங்கியிருக்கு. போட்ட உடனே ஒரு மூச்சு வரும். அப்புறம் போயிடும். மறுநாள் காலைல போட்டா மறுபடி ஒரு மூச்சு. அவ்வளவுதான். அதுக்கு மேல வராது. நான் அணைச்சுட்டு வந்து உலை வெப்பேன்."

"அணைக்காம கொஞ்ச நேரம் ஓட விட்டிருக்கலாமே" என்றார் அவர்.

"பெட்ரோல் குறைஞ்சா உங்களுக்குத் தெரிஞ்சிடுமே. நீங்கதான் எதையும் மோந்து பாத்தே கண்டுபிடிச்சிடுவீங்களே. திட்டுவீங்கன்னு பயம். அதான் சட்டுனு அணைச்சிடுவேன்."

வேறு யாராக இருந்தாலும் அவரிடம் பாடம் தயாராக இருந்தது. பாலா, தயிரா என்று கேட்டிருப்பார். தனக்குப் பயந்துதான் இவள் இத்தனை மாதம் சட்டென்று அணைத்திருக்கிறாள். பயப்படாமல் அரை மணி நேரம் ஓடவிட்டிருந்தால் எஞ்சினில் பாதி ஈரமாவது காய்ந்திருக்கும். அவர் கொட்டகைத் தரையில் உட்கார்ந்துவிட்டார். மகள் போன நாளில்கூட அவர் ஆண்பிள்ளை என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவர். இப்போது அப்படி நிற்க முடியவில்லை.

அவள் பக்கத்தில் வந்து குந்தினாள். "வண்டி கெட்டுப்போச்சாங்க?"

"சரி பண்ணிடலாம்."

"நானா கெடுத்தேன்?"

"நான் ஓட்டாம வெச்சிருந்தேன். அதான் காரணம்."

அது பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. அவள் அதை நம்பினாளா என்று தெரியவில்லை. "குட்டியை ஏத்திட்டு வர வண்டி. நடுவழில நின்னுடக் கூடாதுங்க" என்றாள். அதைத்தான் அவர் மறுபடி மறுபடி நினைத்துக்கொண்டே பட்டறைக்குத் திரும்பினார்.

எஞ்சின் திறந்து கிடந்தது. ஆனால் அது ஓடாமலே பேட்டரியில் காற்றை மட்டும் வரவைக்கலாம். டார்ச் வண்டிக்குள் ஏறி, கதவுகளைச் சாத்திக்கொண்டு, காற்றைத் திறந்துவிட்டு, காற்று வருகிற ஓட்டையில் மூக்கை வைத்தார். ஈர வாசனை வந்தது. பூட்டிக் கிடந்த அலமாரியைத் திறந்தால் வருமே, அது. அணைத்தார், காத்திருந்தார், மறுபடி திறந்தார். மறுபடியும் அதே ஈரம். தைலம் இல்லை. ஏசி குளிர்ந்தால்தான் வருமோ, இவ்வளவு நாளில் தீர்ந்துவிட்டதோ, இல்லை அவளுக்கு மட்டும்தான் வந்ததோ, எதுவும் அவருக்குத் தெரியவில்லை. தீய்ந்த ஆயில் எது, பெட்ரோல் கலந்த ஆயில் எது என்று கண்ணைக் கட்டிக்கொண்டு சொல்கிற மூக்கு. பெற்ற மகளின் கை வாசனையை அதனால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவருக்குத் தன் மூக்கை அறுத்துப் போடலாம் போலிருந்தது.

டேஷ்போர்டுக்குப் பின்னால் காற்றை வடிகட்டுகிற ஏசி ஃபில்டர் இருக்கிறது. சர்வீஸ் என்றால் அதையும் பார்த்தாக வேண்டும். வெளியே இழுத்தார். தூசி அடைத்துக் கறுத்திருந்தது; தினமும் ஒரு நிமிடம் குளிர்ந்து ஈரமாகி அப்படியே மூடிக் கிடந்ததில் மடிப்புக்கு மடிப்பு பூஞ்சை. அதையும் மோந்தார். தும்மல்தான் வந்தது.

டிங்கர் எட்டிப் பார்த்தார். இந்த ஒரு தடவை அவருக்குக் குரல் தணிந்து வந்தது. "இந்தக் காத்தைக் குழந்தை மூச்சு விடக் கூடாதுப்பா. பெரியவங்களுக்கே ஆகாது."

"தெரியும்."

தெரிந்ததுதான் தொல்லை. வாசனை எங்காவது தங்கியிருந்தால் இந்த மடிப்புகளில்தான் தங்கியிருக்கும். இதை வைத்தால் குட்டிக்கு மூச்சு இழுக்கும்; எடுத்தால் மனைவியின் அந்த ஒரு மூச்சு வாசனை போய்விடும். இதை வீட்டுக்குக் கொண்டுபோய் அவளிடமே கொடுத்தால் என்ன என்று ஒரு கணம் நினைத்தார். கொடுத்து என்ன சொல்வது? உன் மகள் இதில்தான் இருந்தாள், இப்படிக் கறுத்து, பூஞ்சை பிடித்து, என்றா? அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு பழைய ஃபில்டர்களைப் போடுகிற டிரம் வரை நடந்துபோய், தானே உள்ளே போட்டார். புதியதை வாங்கிவந்து தானே மாட்டினார். இந்த இரண்டு வேலையையும் வேறு யாரையும் செய்யவிடவில்லை.

அதன் பிறகு எஞ்சின். பழைய ஆயிலை வடித்தார். பாதி மோர் மாதிரி வந்தது. சேம்பரை இறக்கி, ஆயிலை உறிஞ்சுகிற சல்லடையைக் கழற்றி, ஒட்டியிருந்ததையெல்லாம் பிரஷால் தேய்த்துக் கழுவினார். மேலே கொழகொழப்பை வழித்து வழித்து எடுத்தார். கேம் ஷாஃப்டின் துருப் புள்ளிகளை ஒவ்வொன்றாக, அழுத்தாமல், பதமாகத் தேய்த்து எடுத்தார். நல்லவேளை, துரு மேலோடு நின்றிருந்தது, உள்ளே அரிக்கவில்லை. வேலைக்கு நடுவே அழுகை வந்தது. அடக்கவில்லை. மூக்கைப் பனியன் வேஸ்டால் துடைத்துத் துடைத்து முகமெல்லாம் ஆயிலானது. அந்தப் பக்கம் டிங்கர் நேராக இருந்த ஒரு தகரத்தை எடுத்துவைத்துக்கொண்டு ஓங்கி ஓங்கி அடித்தார். வாசலில் வந்து நின்றவர்களுக்குச் சுத்தியல் சத்தம் மட்டும் கேட்டது.

வேலை முடிந்தாலும் எஞ்சினின் மூலை முடுக்குகளில் கொஞ்சம் ஈரம் இருக்கத்தான் செய்யும். அது போக ஒரே வழி, வண்டியைத் தூரமாக ஓட்டுவது. சனிக்கிழமை காலையில் டார்ச் மனைவியிடம், "கிளம்பு, ஒரு சுத்து போயிட்டு வரலாம்" என்றார். அவள் புடவை மாற்றிக்கொண்டு வந்து முன் சீட்டில் உட்கார்ந்தாள்.

பாப்பா குள்ளம். ஓட்டுகிற சீட் ஸ்டியரிங்குக்கு அருகில் இழுத்து வைக்கப்பட்டிருந்தது. டார்ச்சுக்கு முட்டி இடித்தது. பின்னால் தள்ளக் கை வரவில்லை, இடித்தபடியே ஓட்டினார். ஊரைத் தாண்டி, செங்கல் சூளைகளைத் தாண்டி, லாரிகள் போகிற பெரிய சாலையில் வண்டி வேகம் பிடித்தது. சத்தம் சீராக இருந்தது. வெகுதூரம் போன பிறகு ஒரு மரத்தடியில் நிறுத்தி, பானெட்டைத் தூக்கி, துணியை வைத்து மூடியைத் திருகினார். ஆவி வந்தது. கவிழ்த்துப் பார்த்தார். சுத்தமான ஆயில், சொட்டுச் சொட்டாக, தேன் நிறத்தில். வெண்ணெய் இல்லை.

மனைவி கண்ணாடியை இறக்கினாள். "என்னங்க?"

"சரியாயிடுச்சு."

"குட்டியை ஏத்திட்டு வர தாங்குமா?"

"தாங்கும். பயம் இல்லை. இன்னும் நிறைய வருஷம் தாங்கும்."

அவள் தலையாட்டினாள். அவர் ஏறி உட்கார்ந்து வண்டியைத் திருப்பினார். கொஞ்ச தூரம் போனார்கள். பிறகு அவள், "ஏசி போடட்டுமாங்க?" என்றாள்.

ஃபில்டரைப் பற்றி அவளிடம் அவர் சொல்லியிருக்கவில்லை. ஒவ்வொரு நாளும் சொல்ல நினைத்து, சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்து, எழுந்து கை கழுவியிருந்தார். இப்போதாவது சொல்லியிருக்க வேண்டும்.

"போடு" என்றார்.

அவள் கண்ணாடியை ஏற்றினாள். பித்தானை அழுத்தினாள். முன்னால் சாய்ந்து, முகத்தைக் காற்று வருகிற இடத்துக்கு நேராகக் கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டாள். காற்று வந்தது. குளிர்ந்து, சுத்தமாக, எந்த வாசனையும் இல்லாமல் வந்தது. டார்ச் சாலையைப் பார்த்தார். கேட்கக் கூடாது என்று அவருக்குத் தெரியும். தன் கையாலேயே அதை டிரம்மில் போட்டவர். ஆனாலும் தன் மூக்குக்கு எட்டாதது இவள் மூக்குக்கு எட்டுமோ என்று ஒரு நப்பாசை.

"வருதா?" என்று கேட்டார்.

அவள் இன்னொரு தடவை மூச்சை இழுத்தாள். பிறகு கண்ணைத் திறந்து, அவர் முட்டி இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதையும், அவர் முகத்தையும் பார்த்தாள்.

"வருதுங்க" என்றாள். "நல்லா வருது."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வரவில்லை என்பது அவருக்குத் தெரியும். தனக்காகத்தான் அப்படிச் சொன்னாள் என்பதும் தெரியும். ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டார். ஒரு லாரி அவர்களைக் கடந்து போயிற்று.

"நாளைக்குக் காலைலயே மாப்பிள்ளைகிட்ட சாவியைக் குடுத்துடலாம்" என்றாள் அவள், வெளியே பார்த்தபடியே. "நாம வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறோம்."

அவர் சரி என்றார். அவள் ஏசியை அணைக்கவில்லை. வீடு வந்து சேரும்வரை அந்தச் சுத்தமான காற்று இரண்டு பேர் முகத்திலும் அடித்துக்கொண்டே இருந்தது.